பெயரை நீக்கிவிட்டால் போதுமா? மருத்துவ முகாம் கோப்பைப் பொதுவில் போடலாமா என்று கேட்டவருக்கு

கேள்வி தெரியாதவர்களுக்காக முதலில் அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு தாலுகாவில் பல வருடங்களாக இலவச மருத்துவ முகாம் நடத்திவரும் தன்னார்வக் குழு ஒன்று, இதுவரை சேர்ந்திருக்கும் எக்செல் கோப்பை ஆராய்ச்சி செய்பவர்களுக்கு உதவட்டும் என்று இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட நினைக்கிறது. பெயர், முகவரி, ஆதார் எண் மூன்றையும் நீக்கிவிட்டார்கள். ஒரே ஆள் மறுபடி வந்தால் தெரியவேண்டும் என்பதற்காகப் போன் நம்பரை மட்டும் எம்டி5 ஹாஷாக (எம்டி5 என்ற கணக்கில் எண்ணைப் போட்டால் வருகிற எழுத்துக் குவியல், ஒரே எண்ணுக்கு எப்போதும் ஒரே விடை) மாற்றி வைத்திருக்கிறார்கள். மீதி இருப்பவை கிராமம், பின்கோடு, பிறந்த தேதி, பாலினம், தொழில், சாதி, முகாமுக்கு வந்த தேதி, நோய், கொடுத்த மருந்து. "இதை வைத்து யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள், சும்மா பயமுறுத்துகிறார்களா?" என்பது கேள்வி.

போடாதீர்கள். இந்த வடிவத்தில் நிச்சயம் போடாதீர்கள். வேறு வடிவத்தில் போட வழி இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன். ஆனால் காரணம் புரியாமல் அந்த வழியை மட்டும் எடுத்துக்கொண்டால் அடுத்த வருடம் குழுவுக்குப் புதிதாக வருகிற யாராவது பழைய கோப்பையே தூக்கிப் போட்டுவிடுவார்கள், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அந்த ஹாஷ். ஹாஷ் என்பது ஒருவழிப் பாதை, அதிலிருந்து மூல எண்ணைத் திரும்ப எடுக்க முடியாது என்று எங்காவது படித்திருப்பீர்கள். உண்மைதான், பின்னோக்கிப் போக முடியாது. ஆனால் எதற்குப் பின்னோக்கிப் போகவேண்டும்? இருக்கக்கூடிய எல்லாப் போன் நம்பர்களையும் ஒவ்வொன்றாக அதே எம்டி5-இல் போட்டு, எது உங்கள் கோப்பில் இருப்பதோடு பொருந்துகிறது என்று பார்த்தால் முடிந்தது. நம் ஊர் மொபைல் எண் பத்து இலக்கம், 6, 7, 8, 9 இவற்றில் ஒன்றில்தான் ஆரம்பிக்கும், ஆக மொத்தம் 400 கோடி சாத்தியங்கள். பெரிய எண்ணாகத் தெரிகிறதா? வீடியோ கேம் ஆட வாங்குகிற ஒரு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வினாடிக்குப் பல நூறு கோடி எம்டி5 போடும். டீ ஆறுவதற்குள் உங்கள் கோப்பில் உள்ள எல்லாப் போன் நம்பரும் வெளியே வந்துவிடும். ஆதார் எண்ணை நீக்கியது நல்ல வேலை, அதையும் ஹாஷ் பண்ணி வைத்திருந்தால் கதி இதேதான்: 12 இலக்கத்தில் முதல் இலக்கம் 0, 1 ஆக இருக்காது, கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்குப் போட்டு வருவது, ஆக 8,000 கோடி சாத்தியங்கள். அதுவும் கம்ப்யூட்டருக்கு ஒரு வேலையே இல்லை.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை, நடந்த கதை. நியூயார்க் நகரத்தில் 2013-ஆம் வருடம் ஓடிய மஞ்சள் டாக்சிகளின் பயணப் பதிவு முழுவதையும், ஏறக்குறைய 17 கோடியே 30 லட்சம் பயணங்கள், தகவல் உரிமைச் சட்டப்படி ஒருவர் கேட்டு வாங்கி 2014-இல் இணையத்தில் போட்டார். எங்கே ஏறினார்கள், எங்கே இறங்கினார்கள், எத்தனை மணிக்கு, எவ்வளவு கட்டணம், எவ்வளவு டிப்ஸ் எல்லாம் அதில் உண்டு. டாக்சியின் பர்மிட் எண்ணையும் ஓட்டுநரின் லைசென்ஸ் எண்ணையும் மட்டும் நகர நிர்வாகம் எம்டி5 ஆக்கிக் கொடுத்திருந்தது. விஜய் பாண்டுரங்கன் என்ற மென்பொருள் பொறியாளர் அதைப் பார்க்கும்போது, ஒரே ஓட்டுநர் மனுஷனால் முடியாத எண்ணிக்கையில் சவாரி ஓட்டியிருப்பது போல ஒரு ஹாஷ் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்தார். அது '0' என்ற எழுத்தின் எம்டி5. லைசென்ஸ் எண் பதிவாகாத இடத்தில் பூஜ்யம் போட்டிருந்திருக்கிறார்கள். அந்த ஒரு நூல் கிடைத்ததும் மொத்தத் துணியும் பிரிந்துவிட்டது. நியூயார்க் டாக்சியின் பர்மிட் எண்ணுக்கு மூன்றே விதமான அமைப்புதான், எழுத்து எங்கே வரும் இலக்கம் எங்கே வரும் என்பது எல்லோருக்கும் தெரியும், கூட்டிப் பார்த்தால் 2 கோடி சாத்தியம்கூட வராது. லைசென்ஸ் எண்களோ அதைவிடக் குறைவு, லட்சங்களில் அடங்கிவிடும். இரண்டு மணி நேரத்துக்குள் 17 கோடி வரிகளும் திறந்துவிட்டன. எந்த ஓட்டுநர் எந்த நாள் எங்கே ஓட்டினார், அன்றைக்கு எவ்வளவு சம்பாதித்தார் என்பது பட்டவர்த்தனம்.

அதோடு விட்டதா? ஓட்டுநர்கள் போனதும் பயணிகள் மாட்டினார்கள். ஆண்டனி டாக்கர் என்ற மாணவர், பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் எடுத்த படங்களில் நட்சத்திரங்கள் டாக்சியில் ஏறும் காட்சியைத் தேடினார். படத்தில் டாக்சியின் எண் தெரிகிறது, இடமும் நேரமும் தெரியும், பதிவில் அந்த வரியை எடுத்தால் எங்கே போய் இறங்கினார்கள், எவ்வளவு டிப்ஸ் கொடுத்தார்கள் என்பதுவரை வருகிறது. டிப்ஸ் பூஜ்யம் என்று காட்டியதும் பத்திரிகைகள் கஞ்சன் என்று கேலி பேச ஆரம்பித்தன. ரொக்கமாகக் கொடுக்கிற டிப்ஸ் அந்தப் பதிவில் ஏறவே ஏறாது என்பது அப்புறம்தான் பலருக்குத் தெரிந்தது. அடையாளம் தெரிந்துபோவது ஒரு கெடுதல் என்றால், தெரிந்த பிறகு அரைகுறைத் தகவலை முழு உண்மை என்று ஊர் நம்பிவிடுவது இன்னொரு கெடுதல். உங்கள் முகாமில் ஒருவருக்குக் காசநோய்ச் சந்தேகம் என்று எழுதி, பிறகு அது இல்லை என்று ஆகியிருக்கலாம். கோப்பில் முதல் வரி மட்டும் நிற்கும்.

"சரி, ஹாஷை எடுத்துவிட்டு ஒவ்வொருவருக்கும் சும்மா ஒரு எண் கொடுத்துவிடுகிறோம்" என்பீர்கள். செய்யுங்கள், அதுதான் சரி. போன் நம்பரிலிருந்து கணக்குப் போட்டு வராத, குலுக்கிப் போட்ட எண்ணாக இருக்கவேண்டும், எந்த எண் யாருக்கு என்ற பட்டியல் வெளியே போகவே கூடாது. ஹாஷ் போடும் முன் எண்ணோடு 'சால்ட்' என்கிற கூடுதல் எழுத்துகளைச் சேர்த்தால் போதும் என்று யாராவது சொன்னால், அந்தச் சால்ட் ரகசியமாக இருக்கும் வரைக்கும்தான் அது சரி என்று அவரிடம் சொல்லுங்கள்.

ஆனால் ஹாஷ் இந்தக் கோப்பின் சின்னப் பிரச்சினை. பெரிய பிரச்சினை கிராமம், பிறந்த தேதி, தொழில் என்று கோப்பில் மீதியிருக்கிற பத்திகளில் இருக்கிறது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 90-களின் நடுவில், அரசு ஊழியர்களுக்கான காப்பீட்டு அமைப்பு ஊழியர்களின் மருத்துவமனைப் பதிவுகளைப் பெயர் நீக்கி ஆராய்ச்சிக்குக் கொடுத்தது. யாருடைய அந்தரங்கமும் கெடாது என்று ஆளுநர் வில்லியம் வெல்டே உறுதி சொன்னார். 1996 மே மாதம் ஒரு கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் அதே ஆளுநர் மயங்கி விழுந்து மருத்துவமனைக்குப் போனார், செய்தியில் எல்லாம் வந்தது. அப்போது எம்ஐடியில் மாணவியாக இருந்த லதான்யா ஸ்வீனி 20 டாலர் கொடுத்து கேம்பிரிட்ஜ் நகரின் வாக்காளர் பட்டியலை வாங்கினார். ஆளுநரின் பிறந்த தேதியில் பிறந்தவர்கள் அந்தப் பட்டியலில் ஆறு பேர். அதில் ஆண்கள் மூன்று பேர். அவருடைய ஜிப் கோடில் (அங்கத்திய பின்கோடு) இருந்தவர் ஒருவர்தான். நோய், மருந்துச் சீட்டு எல்லாம் கையில். பின்னால் ஸ்வீனி போட்ட கணக்கில், ஜிப் கோடு, பிறந்த தேதி, பாலினம் மூன்று மட்டும் இருந்தால் அமெரிக்க மக்களில் 87 சதவீதம் பேர் தனித்துத் தெரிவார்கள் என்று வந்தது. 2006-இல் இன்னொருவர் புதிய கணக்கெடுப்பை வைத்துப் பார்த்ததில் 63 சதவீதம். எதை எடுத்தாலும் பாதிக்கு மேல். ஆளுநர் ஊரறிந்தவர் என்பதால்தான் அவ்வளவு சுலபம், வாக்காளர் பட்டியலில் பெயரே இல்லாதவர்களும் பலர் உண்டு என்று பிற்பாடு சிலர் இந்தக் கதையைக் குறை சொன்னார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் உங்கள் தாலுகாவில் எல்லோரும் எல்லோருக்கும் ஊரறிந்தவர்கள், அதுதான் உங்கள் சிக்கல்.

நம் நாட்டுக்கு இதே கணக்கைத் தோராயமாகப் போட்டுப் பார்க்கலாம். பின்கோடு 19,000 சொச்சம், மக்கள் 140 கோடி என்று வைத்தால் ஒரு பின்கோடுக்குச் சராசரி 70,000 பேருக்கு மேல். 80 வருடத்துப் பிறந்த தேதிகள் 29,000, ஆண் பெண் என்று பிரித்தால் 58,000 கட்டங்கள். 70,000 பேரை 58,000 கட்டங்களில் போட்டால் கட்டத்துக்கு ஒன்றிரண்டு பேர்தான் வருவார்கள். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியாரே ஜூன் மாதத்தில் ஒரு பிறந்த தேதி போட்டுக்கொடுத்த தலைமுறைக்கு இதில் கொஞ்சம் அதிர்ஷ்டம், ஒரே தேதியில் நிறையப் பேர் கூடிக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. இதோடு நீங்கள் கிராமத்தின் பெயரையும் வைத்திருக்கிறீர்கள். 800 பேர் இருக்கும் கிராமத்தில் பிறந்த தேதி என்பது பெயருக்குச் சமானம். தொழில் பத்தியில் 'அங்கன்வாடிப் பணியாளர்' என்று இருந்தால் பிறந்த தேதியே வேண்டாம், அந்த ஊரில் அவர் ஒருவர்தான். சாதிப் பத்தியும் அப்படித்தான், ஊரில் இரண்டே வீடு உள்ள சாதி என்றால் பாலினமும் ஏறக்குறைய வயதும் போதும். நம் வாக்காளர் பட்டியலில் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது, பாலினம் எல்லாம் பொதுவில் இருப்பதை இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் யோசிப்பதே தப்பாகப் போகிறது என்பது என் அபிப்பிராயம். தரவு ஆபத்து என்றதும் எங்கோ இருட்டறையில் உட்கார்ந்திருக்கும் ஹேக்கரைக் கற்பனை செய்கிறோம், அவனுக்கு நம் தாலுகாவில் என்ன வேலை என்று நிம்மதி அடைகிறோம். அவன் வரமாட்டான், வாஸ்தவம். வரப்போவது பக்கத்து வீட்டுக்காரர், பங்காளி, பிரிந்துபோன கணவர், வட்டிக்குக் கொடுத்தவர், பெண் கொடுப்பதற்கு முன் ஊரில் நாலு பேரிடம் விசாரிக்கிற சம்பந்தி வீட்டார். இவர்களில் யாருக்கும் வாக்காளர் பட்டியல்கூட வேண்டாம். உங்கள் முகாமுக்கு யார் யார் வந்தார்கள் என்பதைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தவர்கள் அவர்கள். முகாம் நடந்த தேதி, கிராமம், ஏறக்குறைய வயது மூன்றும் அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாதது ஒன்றே ஒன்று, நோய். அதை நீங்கள் கொடுக்கிறீர்கள்.

2020-இல் தமிழக சுகாதாரத் துறை தினமும் வெளியிட்ட கொரோனா அறிக்கைகளை நினைத்துப் பாருங்கள். இறந்தவர்களின் பெயர் இருக்காது. வயது, ஆணா பெண்ணா, எந்த மாவட்டம், எந்த மருத்துவமனையில் என்றைக்குச் சேர்ந்தார், என்றைக்கு இறந்தார், சர்க்கரையா சிறுநீரகமா என்னென்ன துணை நோய்கள் என்பதெல்லாம் இருக்கும். வெளிப்படையாக இருக்கவேண்டும் என்ற நோக்கத்தில் செய்தது, அந்த நேரத்தில் அது தேவையாகவும் இருந்தது, எண்ணிக்கையை மறைக்கிறார்கள் என்ற சந்தேகம் இருந்த காலம். ஆனால் அந்த வாரம் தெருவில் ஒரு சாவு விழுந்திருந்தால் அந்தத் தெருவுக்கு அது யார் என்பது தெரியாதா? அந்தக் காலத்தில் நோய் வந்த வீட்டை ஊர் எப்படி நடத்தியது என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

அடுத்தது, ஒரே ஆள் பல முறை வந்த வரிகளை நீங்கள் ஒரே எண்ணால் கோத்து வைத்திருப்பது. ஆராய்ச்சிக்கு மிகவும் பயன்படுவது அந்தக் கோவைதான், ஆளைக் காட்டிக்கொடுப்பதும் அதுதான். 2006-இல் நெட்ஃபிளிக்ஸ், அப்போது அது தபாலில் டிவிடி அனுப்பும் கம்பெனி, படம் பரிந்துரைக்கும் முறையைச் செம்மைப்படுத்துபவருக்கு 10 லட்சம் டாலர் பரிசு என்று அறிவித்து, 4 லட்சத்து 80 ஆயிரம் வாடிக்கையாளர்கள் கொடுத்த 10 கோடி மதிப்பெண்களை வெளியிட்டது. பெயர் இல்லை, ஊர் இல்லை, வயது இல்லை. யார் என்ற இடத்தில் ஒரு எண், படத்தின் பெயர், கொடுத்த நட்சத்திரம், தேதி, அவ்வளவுதான். டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த அரவிந்த் நாராயணனும் (சென்னை ஐஐடியில் படித்தவர்) அவருடைய பேராசிரியர் விட்டாலி ஷ்மாட்டிகோவும் அதைப் பிரித்துக் காட்டினார்கள். ஒருவர் பார்த்த எட்டுப் படங்களின் மதிப்பெண் தெரிந்தால், அதில் இரண்டு தப்பாகவே இருந்தாலும், தேதியில் இரண்டு வாரம் முன்பின் இருந்தாலும், 99 சதவீதம் பேரின் வரிகளைத் தனியாகப் பிரித்துவிடலாம். சினிமாத் தகவல் தளமான ஐஎம்டிபியில் சொந்தப் பெயரில் விமர்சனம் எழுதியவர்களோடு பொருத்திப் பார்த்து இரண்டு பேரை அடையாளமும் கண்டார்கள். ஐஎம்டிபியில் ஒருவர் நாலு பேருக்குச் சொல்லக்கூடிய படங்களைப் பற்றி மட்டும் எழுதுவார், நெட்ஃபிளிக்ஸில் சொல்ல விரும்பாததும் இருக்கும், அதிலிருந்து அரசியல் சாய்வு, மத நம்பிக்கை, பாலியல் விருப்பம் வரை ஊகிக்கலாம். 2009 டிசம்பரில் தன் பாலியல் விருப்பம் வெளியே தெரிந்துவிடும் என்று பயந்த ஒரு பெண் பெயர் வெளியிடாமல் வழக்குப் போட்டார், 2010 மார்ச்சில் நெட்ஃபிளிக்ஸ் இரண்டாவது போட்டியைக் கைவிட்டது.

படம் பார்ப்பதிலேயே இப்படி என்றால், நடமாட்டம் எப்படி இருக்கும்? 15 லட்சம் பேரின் 15 மாத மொபைல் கோபுரப் பதிவுகளை வைத்து 2013-இல் வந்த ஆய்வு ஒன்றில், ஒருவர் எந்த மணி நேரத்தில் எந்தக் கோபுரத்தின் பக்கம் இருந்தார் என்பது நாலே நாலு முறை தெரிந்தால் 95 சதவீதம் பேரைத் தனித்துக் காட்டிவிடலாம் என்று கண்டார்கள். உங்கள் கோப்பில் ஒருவர் ஐந்து முகாமுக்கு வந்திருந்தால் அந்த ஐந்து தேதிகளும் சேர்ந்து அவருடைய கைரேகை மாதிரி. அவருடைய மருமகள் வாட்ஸப்பில் "இன்னிக்கு மாமியாரை முகாமுக்குக் கூட்டிட்டு வந்தேன்" என்று இரண்டு முறை ஸ்டேட்டஸ் போட்டிருந்தால் மீதி மூன்றும் சேர்ந்தே வரும்.

வெளியிட்டதைத் திரும்ப எடுக்க முடியுமா என்றால், முடியாது. ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனம் 2006 ஆகஸ்டில் ஆறரை லட்சம் பேர் மூன்று மாதத்தில் தேடிய 2 கோடி தேடல் சொற்களை ஆராய்ச்சிக்காக வெளியிட்டது, பெயருக்குப் பதில் எண். மூன்று நாளில் எதிர்ப்பு கிளம்பித் தளத்திலிருந்து நீக்கினார்கள். அதற்குள் பிரதிகள் பரவியாகிவிட்டன. சில நாளில் நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள் 4417749 என்ற எண்ணுக்குரியவரின் தேடல்களைப் படித்து, ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு சிறிய ஊரில் இருந்த 62 வயது விதவையின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர் தன் ஊரையும் தன் குடும்பப் பெயருள்ளவர்களையும் தேடியிருந்தார், அது போதுமாக இருந்தது. தன் தோழிகளின் நோய்களைப் பற்றியும் அவர் தேடியிருந்தார் என்பதையும் கவனியுங்கள், ஒருவருடைய வரியில் இன்னொருவருடைய நோயும் இருக்கலாம். அந்த நிறுவனத்தின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி பதவி விலகினார், ஆராய்ச்சியாளர்களுக்கு வேலை போனது, ஆனால் அந்தக் கோப்பு இணையத்தை விட்டுப் போகவில்லை.

ஆஸ்திரேலியாவில் நடந்தது உங்கள் விஷயத்துக்கு இன்னும் நெருக்கம். 2016 ஆகஸ்டில் அந்த நாட்டுச் சுகாதாரத் துறை, மக்களில் பத்தில் ஒரு பங்கு, 29 லட்சம் பேரின் 30 வருட மருத்துவக் கட்டணப் பதிவுகளை அரசின் திறந்த தரவுத் தளத்தில் போட்டது. தேதிகளைக் கொஞ்சம் நகர்த்தி, எண்களைச் சங்கேதமாகப் பூட்டி, கவனமாகத்தான் செய்தார்கள். மெல்போர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூன்று பேர் சில வாரங்களிலேயே மருத்துவர்களின் எண்களைப் பூட்டிய விதத்தை உடைத்துக் காட்டி அரசுக்குச் சொன்னார்கள், கோப்பு நீக்கப்பட்டது. 2017 டிசம்பரில் நோயாளிகளையும் அடையாளம் காணலாம் என்று அதே குழு விளக்கியது. வழி ரொம்பச் சாதாரணம். பொதுவாழ்வில் உள்ளவர்களின் பிரசவத் தேதி, விளையாட்டு வீரர்களின் அறுவை சிகிச்சை இதெல்லாம் செய்தியில் வரும், பிறந்த வருடமும் தெரியும், பொருந்துகிற வரி ஒன்றே ஒன்று நிற்கும். அரசு இதற்கு என்ன செய்தது தெரியுமா? இப்படி அடையாளம் காண்பதைக் குற்றமாக்க ஒரு மசோதா கொண்டுவந்தது. ஓட்டையைக் காட்டியவரைப் பிடிக்கிற சட்டம். கடைசியில் அது நிறைவேறாமல் 2019-இல் காலாவதியானது, நல்லவேளை. யாருக்கும் சொல்லாமல் உட்கார்ந்து அடையாளம் காண்பவரை அப்படி ஒரு சட்டம் எந்த நாளும் பிடித்திருக்கப்போவதில்லை.

நம் சட்டம் எப்படி என்று யாராவது கேட்பார்கள். இங்கே 2019-இல் கொண்டுவந்த தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவில், நீக்கிய அடையாளத்தை அனுமதி இல்லாமல் மீட்டெடுத்தால் மூன்று வருடம் வரை சிறை என்று ஒரு பிரிவு இருந்தது. 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அது இல்லை. ஆனால் அந்தச் சட்டத்தின்படி ஒருவரை அடையாளம் காணக்கூடிய தரவு எதுவானாலும் தனிநபர் தரவுதான், ஆக நீங்கள் பெயரை நீக்கிவிட்டதால் மட்டும் சட்டத்துக்கு வெளியே போய்விட மாட்டீர்கள். விதிகள் 2025 நவம்பரில் வந்து, கடமைகள் கட்டம் கட்டமாக அமலுக்கு வருகின்றன. இதற்கு மேல் ஒரு வக்கீலிடம் கேளுங்கள். சட்டத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: முகாமுக்கு வந்தவர்கள் மருந்துக்காக வந்தார்கள், இணையத்தில் ஏறுவதற்கு யாரும் அவர்களிடம் கேட்கவில்லை.

வரிகளே வேண்டாம், கூட்டிப் போட்ட அட்டவணை மட்டும் போடலாமா? போடலாம், அதைத்தான் சொல்லப்போகிறேன், ஆனால் அட்டவணையும் கசியும். ஒரு அலுவலகத்தில் 41 பேர், சராசரிச் சம்பளம் 30,000 என்று ஒரு மாதம் வெளியிடுகிறார்கள். அடுத்த மாதம் ஒருவர் விலகியபின் 40 பேர், சராசரி 29,500. பெருக்கிக் கழித்துப் பாருங்கள், போனவரின் சம்பளம் 50,000. உங்கள் அட்டவணையில் 'இந்தக் கிராமம், பெண்கள், 30 முதல் 39 வயது, வந்தவர்கள் 4 பேர், எச்.ஐ.வி 4 பேர்' என்று ஒரு கட்டம் வந்தால் அதில் யார் எவர் என்று பிரிக்கவே தேவையில்லை, நாலு பேருமே மாட்டிக்கொண்டார்கள். அமெரிக்க மக்கள்தொகைத் துறை தன்னுடைய 2010 கணக்கெடுப்பின் அட்டவணைகளைத் தானே பரிசோதித்தது. வெளியிட்ட அட்டவணைகளை மட்டும் வைத்து ஒவ்வொரு ஆளின் பதிவையும் திரும்பக் கட்டி எழுப்பி, கடையில் விலைக்குக் கிடைக்கிற பெயர்ப் பட்டியல்களோடு பொருத்தியதில், ஆறில் ஒருவரைச் சரியாக அடையாளம் காண முடிந்தது. அதனால் 2020 கணக்கெடுப்பில் எண்களில் வேண்டுமென்றே சிறு பிழைகளைக் கணக்குப்படி கலந்து வெளியிட்டார்கள். எவ்வளவு பிழை கலந்தால் எவ்வளவு பாதுகாப்பு என்பதைக் கணிதமாகவே சொல்லலாம், 2006-இல் சிந்தியா ட்வொர்க்கும் கூட்டாளிகளும் உருவாக்கிய முறை அது. சின்ன ஊர்களின் எண்கள் குழம்பிப்போயின என்று ஆய்வாளர்கள் பலர் திட்டினார்கள், அலபாமா மாநிலம் வழக்கே போட்டது. இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது. துல்லியமும் வேண்டும், ஒருவரும் தெரியவும் கூடாது என்றால் இரண்டும் முழுசாகக் கிடைக்காது. 2027 கணக்கெடுப்பில் இங்கே சாதியும் கேட்கப்போகிறார்கள், கிராம அளவு அட்டவணைகளை எப்படி வெளியிடுவார்கள் என்பதை நான் ஆர்வத்தோடு பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்?

பொதுவில் அட்டவணை மட்டும் போடுங்கள். கிராமத்தை ஊராட்சி ஒன்றியமாக்குங்கள், பிறந்த தேதியைப் பத்து வருட வயதுப் பிரிவாக்குங்கள், வந்த தேதியை வருடமாக்குங்கள். தொழிலை விவசாயம், கூலி, மற்றவை என்று மூன்று நாலாகச் சுருக்குங்கள். சாதியையும் நோயையும் குறுக்கே வைத்து அட்டவணை போடவே போடாதீர்கள், அது தேவைப்படுகிற ஆய்வாளர் உங்களிடம் வந்து கேட்கட்டும். பத்துப் பேருக்குக் குறைந்த கட்டங்களை வெறுமையாக விடுங்கள், ஆனால் ஒரு கட்டத்தை மட்டும் மறைத்துவிட்டு மொத்தத்தைக் கீழே போட்டால் யாரும் கழித்துக் கண்டுபிடித்துவிடுவார்கள், அதே வரியில் இன்னொன்றையும் மறைக்கவேண்டும். ஒருவர் இருவருக்கு மட்டுமே வந்த அபூர்வ நோய்களைத் தூக்கிவிடுங்கள்.

வரி வரியான கோப்பு வேண்டும் என்று உண்மையான ஆய்வாளர் வந்தால், எதற்கு என்று எழுதி வாங்கி, யாருக்கும் கொடுக்கமாட்டேன், யாரையும் அடையாளம் காண முயலமாட்டேன் என்று கையெழுத்து வாங்கி, அவருடைய நிறுவனத்தின் நெறிமுறைக் குழு அனுமதியைப் பார்த்துவிட்டு, அவருக்குத் தேவையான பத்திகளை மட்டும் கொடுங்கள். இது கெடுபிடி இல்லை, உலகம் செய்கிறதுதான். நம் தேசியக் குடும்பநல ஆய்வின் வரி வரியான பதிவுகளை டிஎச்எஸ் (பல நாடுகளின் குடும்பநல ஆய்வுகளைத் தொகுத்துத் தரும் திட்டம்) வழியாகப் பெற்றவர்கள் பதிவு செய்து, காரணம் சொல்லித்தான் பெற்றார்கள். அதிலும் ஆய்வு நடந்த ஊர்களின் வரைபடப் புள்ளிகளை நகரத்தில் 2 கிலோமீட்டர் வரை, கிராமத்தில் 5 கிலோமீட்டர் வரை எங்காவது தள்ளி வைத்துத்தான் கொடுத்தார்கள், நூற்றில் ஒரு கிராமப் புள்ளியை 10 கிலோமீட்டர் வரைகூட. அப்படித் தள்ளி வைத்த பிறகும் எவ்வளவோ நல்ல ஆய்வுகள் அதிலிருந்து வந்திருக்கின்றன, அதனால் மறைத்தால் பயனே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எதை வெளியே கொடுப்பதாக இருந்தாலும் முதலில் ஒரு பரீட்சை வையுங்கள். பிரிட்டனில் தகவல் ஆணையர் அலுவலகம் பரிந்துரைக்கிற முறை இது. கணினி நிபுணர் எல்லாம் வேண்டாம், விவரமும் ஆர்வமும் உள்ள சாதாரண ஆள் ஒருவர் முயன்றால் யாரையாவது கண்டுபிடிக்க முடிகிறதா என்று பார்ப்பது. உங்கள் தொண்டர்களில் அதே தாலுகாக்காரராக, இந்தக் கோப்பில் ஏற்கெனவே வேலை செய்யாதவராக, ரகசியத்தைக் காப்பார் என்று நம்பத்தக்கவராக ஒருவரை உட்காரவைத்து, அவருக்குத் தெரிந்த மூன்று பேரைத் தேடச் சொல்லுங்கள். ஒருவர் கிடைத்தாலும் கோப்பு தயாராகவில்லை என்று அர்த்தம்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம், ஆனால் இதில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். எக்செல் கோப்பாகப் போடாதீர்கள். 2023 ஆகஸ்டில் வட அயர்லாந்து போலீஸ், தகவல் கேட்டவருக்கு எத்தனை அதிகாரிகள் என்ற எண்ணிக்கையைக் கொடுக்கப்போய், அதே எக்செல் கோப்பில் மறைந்திருந்த இன்னொரு ஷீட்டில் ஏறக்குறைய 10,000 போலீசார், ஊழியர்களின் விவரங்களையும் சேர்த்து வெளியிட்டது. அங்கே போலீஸ்காரர் என்று தெரிந்தால் உயிருக்கே ஆபத்து, ஏழரை லட்சம் பவுண்டு அபராதம் விழுந்தது. பிவட் டேபிள் (எக்செல் தானே கூட்டிப் போட்டுத் தரும் சுருக்க அட்டவணை) போட்டிருந்தால் அதன் அடியிலும் மூல வரிகள் ஒளிந்திருக்கும், அட்டவணையை இரண்டு முறை சொடுக்கினால் வெளியே வந்துவிடும். அதனால் கடைசி அட்டவணையை சிஎஸ்வியாக (வெறும் எழுத்தும் எண்ணும் மட்டும் உள்ள கோப்பு) சேமித்து, நோட்பேடில் திறந்து, கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டுப் போடுங்கள். அட்டவணையின் தலைப்புகள் தயாரானதும், எண்கள் வேண்டாம், தலைப்புகளை மட்டும் எழுதுங்கள், எதை எதோடு சேர்க்கக்கூடாது என்று பார்த்துச் சொல்கிறேன்.